துணைக்கு வந்தவன்

“ஒரு ராத்திரி நிம்மதியான தூக்கம் நானூத்தம்பது டாலர். பேரம் கிடையாது,” என்றான் சாலினாஸ்.

“குதிரைக்குப் போடற மயக்க மருந்துக்கா?” ஹாஸ்கெட் எழுந்து ஜன்னலோரம் போனான். “நாளைக்கு உன்னை லாயத்துல கட்டிப் புல்லு போடணும்.”

“புல்லு விலை கம்மிதான். இன்சூரன்ஸ்காரன் அதுக்கும் கையை விரிச்சிடுவான்.”

சான் அன்டோனியோவில், நகப்பூச்சுக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருந்தது அந்தக் கிளினிக். போரிலிருந்து திரும்பியும் மனசு திரும்பாதவர்களுக்குக் கெட்டமைன் ஏற்றும் இடம். மருந்து ஏறியவன் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கார் ஓட்ட ஆள் கூட்டி வந்தால்தான் உள்ளேயே விடுவார்கள்.

தனக்கென்றால் ஹாஸ்கெட் இந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். ஆனால் ஒரே கவச வண்டியில் கூட இருந்தவன், “நீ வரலேன்னா நான் போய்ச் சேர்ந்துடுவேன்டா” என்று போனில் சொன்னால் என்ன செய்வது? சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வந்தானே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. சுவரில் முதுகு படுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தான். வெளியே யாரோ குப்பைத் தொட்டியை டமாலென்று மூட, அவன் கை இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது.

“நான் கார்ல இருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடு.”

“நீ போனா கதை முடிஞ்சுது. உக்காருடா.”

“பசிக்குதுடா. எதிர்க் கடையில ரொட்டி சுருட்டின டாக்கோ ஒண்ணு மட்டும்...”

“மூச். மருந்து ஏத்திக்கறவன் வெறும் வயித்தோட இருக்கணும். நான் காயும்போது நீ திம்பியா?”

அவர்கள் படைப்பிரிவில் அப்படித்தான் வழக்கம். ஒருவனுக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் எவனும் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டான். ஹாஸ்கெட் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். கால் மட்டும் தையல் மிஷின் மிதித்தது.

“பயமா இருக்காடா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“இருக்கு. நீ பாதியில ஓடிடுவியோன்னு.”

“உன்னை விட்டுட்டு என்னைக்குடா ஓடினேன்?”

உள்கதவு திறந்தது. நர்ஸ் ஜோலீன் எட்டிப் பார்த்தாள். “டாக்டர் முதல்ல பேசிப் பாப்பார், அப்புறம்தான் மருந்து. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே?”

“ஒரு வாய் இல்ல மேடம். நானே காவல் இருந்தேன்,” என்ற சாலினாஸ், சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். ஆறிப்போன முட்டை டாக்கோ. பாதியை ஒரே கடியில் உள்ளே தள்ளினான்.

ஹாஸ்கெட் பதறிப்போய்ப் பிடுங்கப் பாய்ந்தான். “பைத்தியமாடா உனக்கு? உள்ள விட மாட்டாங்க!”

“எனக்குப் போன வருஷமே ஏத்தியாச்சு, தூங்கறேன். இன்னிக்கு ஊசி உனக்குடா. உன் பொண்டாட்டிதான் அழுதா, நீ துப்பாக்கியைக் கட்டிக்கிட்டு கார் ஷெட்ல முழிச்சுக் கிடக்கறியாம். வேண்டாம்னா டாக்டர்கிட்டயே சொல்லிட்டு எழுந்து வா. இப்போ சாவியைக் குடு, வண்டி நான் ஓட்டறேன்.”

ஹாஸ்கெட் வாசல் கதவைப் பார்த்தான். பிறகு சாவியை அவன் மடியில் விட்டெறிந்தான்.

“பொய் சொன்னதுக்கு ஒண்ணு, பட்டினி போட்டதுக்கு ஒண்ணு. ரெண்டு உதை பாக்கிடா உனக்கு,” என்றபடி நர்ஸின் பின்னால் நடந்தான்.