கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"யார் வந்தாலும் உள்ளே விடமாட்டேளா?"

"விடமாட்டேன்."

"கலெக்டரே வந்தா?"

"அவருக்கும் முகாமைச் சுத்திக் கட்டற கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் போட்டுடறேன், மாமா."

சத்யபாமாவின் தகப்பனார் பராசரன் சிரித்துவிட்டார். அவர் தலையாட்டினால் ஸ்ரீரங்கத்தில் மற்றத் தகப்பனார்களும் தலையாட்டிவிடுவார்கள் என்பது வைதேஹி டீச்சருக்குத் தெரியும். அப்படித்தான் 1938 புரட்டாசி லீவில், பதினெட்டுப் பெண்கள் காவிரிக்கரையில் முக்கொம்பில் சாரணியர் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

போன வாரம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த அந்தப் பேச்சை நினைத்தபடி, வள்ளிக்கண்ணு எதிரே இருந்த புங்கமரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம்தான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தவள். முகாமில் வைதேஹிக்கு உதவியாக வந்திருந்தாள்.

"அக்கா, அந்த ஆளு இன்னிக்கும் வந்துட்டாருங்க. இதோட மூணு நாளாச்சு."

"பார்த்தேன்" என்றாள் வைதேஹி, பெண்களை எண்ணுவதை நிறுத்தாமலே.

முக்கொம்பு ஊருக்கே பொது. உறையூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு வரும்; சீட்டாடுகிற கூட்டமும் வரும். யாரையும் போ என்று சொல்ல முடியாது. அதனால் வந்திறங்கியதும் வைதேஹி தோப்பின் ஒரு மூலையைச் சுற்றிக் கயிறு கட்டினாள். தண்ணீருக்குப் போனால் இரண்டு இரண்டு பேராக. ஊரார் குளித்துக் கரையேறின பிறகுதான் பெண்கள் படித்துறைக்கு. ஒரு பெண்ணை அழைத்துப்போக வருகிறவர் பெயரை, அவள் தகப்பனார் கைப்பட எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு சின்னப் புகார் போதும், அடுத்த வருஷம் முகாம் கிடையாது. அதைச் சாக்காக வைத்துப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்திவிட இரண்டு மூன்று வீடுகள் காத்துக்கொண்டிருந்தன.

நேற்று ஒரு பட்டுவேஷ்டிக்காரர் பெண்ணை அழைத்துப்போக வந்தார். "சத்யபாமாவுக்கு நான் மாமா முறை. அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வண்டி நிக்கறது, சட்டுனு அனுப்புங்கோ."

"அவ அப்பா எழுதிக் கொடுத்ததுல உங்க பேர் இல்லையே."

"பொண்ணையே கேட்டுப் பாருங்கோ."

"பொண்ணு சரின்னாலும் அனுப்பமாட்டேன். ஸ்ரீரங்கத்துக்கு ஆள் அனுப்பறேன். பதில் வர வரைக்கும் உட்காருங்கோ, மோர் தரச் சொல்றேன்."

மோர் வருவதற்குள் வண்டியைக் காணோம். சத்யபாமாவின் அம்மா கல்லுமாதிரி இருக்கிறாள் என்று சாயங்காலம் தகவல் வந்தது.

அவரை அப்படி விரட்டிய அக்கா, இந்தப் புங்கமரத்து ஆளை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறாள் என்பதுதான் வள்ளிக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. முதல் நாள் அவர் கையில் ஒரு தகரப்பெட்டியோடு நேரே கயிற்றண்டை வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் வைதேஹி கையிலிருந்த விசில் கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டு போய் இரண்டு நிமிஷம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி மரத்தடிக்குப் போய்விட்டார். பகலெல்லாம் மரத்தடி, பொழுது சாய்ந்தால் சத்திரம்.

"போலீசுல சொல்லிடலாமுங்க அக்கா."

"அவர் கயிற்றைத் தாண்டினாரா?"

"இல்லீங்க."

"பொண்ணுங்ககிட்டப் பேச்சுக் கொடுத்தாரா?"

"அதுவும் இல்லீங்க. நேத்து ஒரு புள்ள தனியா ஆத்துப் பக்கம் போனப்பக் கூட, கிட்ட வராம அங்கேருந்தே நம்மளைத்தான் கூப்பிட்டாரு."

"வெளி ஆள் அப்படித்தானே இருக்கணும்?"

"பேராவது கேட்டீங்களா?"

"நீயே கேட்டுண்டு வாயேன்."

வள்ளிக்கண்ணு விறைப்பாகப் போனாள்.

"உங்க பேரு என்னங்க?"

"சக்ரபாணி."

"இங்க என்ன வேலை உங்களுக்கு?"

"கடைசிப் பொண்ணு கிளம்பற வரைக்கும் ஒரு வார்த்தை பேசப்படாதுன்னு உங்க டீச்சர் உத்தரவு."

"அவங்களைக் கண்டா அவ்வளவு பயமா?"

"உங்களுக்கு இல்லையா?" என்றார் அவர்.

வள்ளிக்கண்ணு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

மத்தியானம் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் பார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்பினாள் வைதேஹி. கடைசியாக வந்தவர் பராசரன்.

"என் பொண்ணை அழைச்சிண்டு போக நானே கையெழுத்துப் போடணுமா?"

"போடணும், மாமா."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பட்டுவேஷ்டி விஷயத்தை, நேற்று வீட்டுக்கு வந்த ஆள் அவரிடம் சொல்லியிருந்தான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது குரல் இறங்கியிருந்தது. "அடுத்த வருஷமும் சத்யபாமா வருவா. நீங்கதானே அழைச்சிண்டு வருவேள்?"

"வள்ளிக்கண்ணு அழைச்சிண்டு வருவா. என்னைவிடக் கெடுபிடி."

வள்ளிக்கண்ணு திடுக்கிட்டுத் திரும்பினாள். வைதேஹி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி சாலைத் திருப்பத்தில் மறைந்தது. வைதேஹி முகத்தைக் கழுவினாள். தலைப்பைச் சரி செய்துகொண்டு புங்கமரத்தை நோக்கி நடந்தாள். அந்த ஆளுக்கு இன்று சரியான டோஸ் கிடைக்கப் போகிறது என்று வள்ளிக்கண்ணு, விசிலும் கையுமாகப் பின்னாலேயே போனாள்.

சக்ரபாணி எழுந்து நின்றார். மூன்று நாளாகத் தோப்பு முழுக்கக் கேட்ட வைதேஹியின் குரல், இப்போது பக்கத்தில் இருந்த வள்ளிக்கண்ணுவுக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது.

"நம்ம கல்யாணம் முடிஞ்ச ஆறாம் நாள் நீங்க ரங்கூனுக்குக் கப்பல் ஏறப் போனேள். எனக்குப் பன்னிரண்டு வயசு, கேட்க வாய் வரலை" என்றாள் வைதேஹி. "ஒம்பது வருஷமா மனசுக்குள்ளேயே வெச்சிண்டிருக்கேன். இந்தத் தடவை என்னையும் அழைச்சிண்டு போங்கோ."