ஒரு வாய்க் காற்று

சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து கலக்கும் குளம் ஒன்றில் ஒரு கெண்டையும் ஒரு விராலும் இருந்தன. கெண்டைக்குச் செவுளெல்லாம் எரிந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது. நல்ல தண்ணி வர்ற மதகை ஒரு சாக்கு மூட்டை அடைச்சுக் கிடக்கு. உங்க உடம்புக்கு நாலு முட்டு முட்டினா நகர்ந்துடும்" என்றது.

விரால் சிரித்தது. "நானும் இதே தண்ணியிலதானே இருக்கேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே! எல்லாம் உன் மனப்பிரமை."

சொல்லிவிட்டு மேலே போய், ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது. வளர்ந்த விராலுக்கு அது இயற்கை கொடுத்த வசதி. கெண்டைக்குத் தண்ணீருக்குள் கரைந்திருக்கும் காற்றுதான் எல்லாம்.

அடுத்த வாரம் விராலின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கூட்டமாக மிதந்தன. பொழுது சாய்வதற்குள் அவை வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன.

"ஏன்டா திணறுறீங்க? அப்பா மாதிரி மேலே போய் ஒரு வாய் குடிங்க!" என்று விரால் கத்தியது.

மேலே போன குஞ்சுகள் அதே திணறலோடு திரும்பி வந்தன.

"இந்த வயசுல அதுங்களுக்குச் செவுள் மட்டும்தான் அண்ணே" என்றது கெண்டை. "காத்துக் குடிக்கப் பழக இன்னும் நாளாகும்."

விரால் குஞ்சுகளின் வாயைப் பார்த்தது. கெண்டையின் வாயையும் அன்றுதான் பார்த்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் திறந்து மூடின.

"அந்த மூட்டை எந்தப் பக்கம்னு சொன்ன?" என்றது.