வால்நட்சத்திரத்தின் இனிஷியல்

"எஸ்னா சுந்தரேசன். இதுல உங்களுக்கு என்ன சந்தேகம், மாப்ளே?"

"எஸ்னா சிவராம்னும் இருக்கலாமே, மாமா" என்றான் சிவராம் ரொம்பப் பணிவாக. பணிவு குரலில் மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்கத்தா கரியாஹாட் வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் காபி ஆறுவது தெரியாமல் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். காரணம், சிவராமின் மனைவி தீப்தி. மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு விடியற்காலை வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தவள், அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டாள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சரிபார்த்து ஆமோதித்தும் விட்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் அது வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியுமாம்.

கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். வங்காளிகளுக்கு இதில் சிக்கலே இல்லை. போஸ், கோஷ், சாட்டர்ஜி என்று கைவசம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு இருப்பது ஓர் இனிஷியல். எஸ். தீப்தி. அப்பா சுந்தரேசன், புருஷன் சிவராம். கல்யாணத்தின்போது, கையெழுத்தை மாற்றும் தொல்லையே இல்லை என்று இரண்டு வீட்டாரும் மகிழ்ந்துபோன அதே எஸ்தான் இப்போது நடு வீட்டில் சண்டையை மூட்டிவிட்டது.

"ஏழு வயசுல அவளுக்கு கிடர்பூர்ல ஃபாரின் பைனாகுலர் வாங்கிக் குடுத்தது யாரு? நான்."

"அந்த டெலஸ்கோப்பை நாலு மாடி தூக்கிண்டு போனது யார், மாமா? இன்னும் எனக்கு முதுகு வலிக்கறது."

சிவராமுக்கு ஒரு வாரமாகத் தலைகால் புரியவில்லை. பெயர் சொல்லும்படி அவன் இதுவரை எதுவும் செய்ததில்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் அவனுடைய வங்காளி மேலதிகாரி இன்றுவரை அவனை 'ஷிபோராம்' என்றுதான் கூப்பிடுகிறார். அதே மனுஷர் இனிமேல் அண்ணாந்து பார்த்து, 'சிவராம்' என்று திருத்தமாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு காட்சிக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தான்.

"சூரியனை ஒரு சுத்து சுத்தி வரதுக்கு எண்பதாயிரம் வருஷம் ஆகுமாம்" என்றான்.

"ஆகட்டுமே. சுந்தரேசனுக்கு என்ன அவசரம்? நிதானமா போயிட்டு வருவான்."

"அவ்வளவு தூரம் போறதுக்கு உங்க பேர் கொஞ்சம் கனம், மாமா. சிவராம்னா சிக்குனு சுத்திட்டு வந்துடும்."

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பந்தயம் வச்சுக்கலாமா? யார் பேர் வரலையோ அவர் மீன் மார்க்கெட்டுக்குப் போகணும். தலையும் வாலுமா ஒரு முழு கட்லாவைக் கையால தூக்கிண்டு வந்து, கீழ்வீட்டு வங்காளி மாமி, அதான் மிதாலி பௌதிக்குக் குடுக்கணும்."

பிறந்ததிலிருந்து கல்கத்தாவாசிகளானாலும் இருவருமே அந்த மார்க்கெட் வாசலை மூச்சை அடக்கிக்கொண்டு கடக்கிறவர்கள். ஆனாலும் சிவராம் சட்டென்று கையை நீட்டினான். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயர்தானே வரும் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு தைரியம்.

"நீயே சொல்லேன் தீப்தி, எந்த எஸ்?" என்றான் சமையலறைப் பக்கம் திரும்பி.

"அவாளே சொல்லட்டும்" என்று தீப்தி தோசையைத் திருப்பிப் போட்டாள். "இன்னிக்கு மெயில் வரும்னு சொல்லியிருக்கா."

நாலாவது தோசைக்கு அவளுடைய போன் 'டிங்' என்றது. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சமையலறை வாசலில் புகுந்து, தோளோடு தோள் சிக்கிக்கொண்டு நின்றார்கள். தீப்தி படித்தாள். மறுபடியும் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சுந்தரேசனா?"

"சிவராமா?"

"எப்பவும் போல எஸ். தீப்தினு எழுதி அனுப்பிச்சேன். அவா ஊர்ல முதல்ல வரதுதான் ஆளோட சொந்தப் பேராம். கடைசியில வரதுதான் குடும்பப் பேராம்."

"அதனால?" என்றார்கள் இருவரும்.

"எஸ்ஸை விட்டுட்டா. வால்நட்சத்திரத்தோட பேர் தீப்தி" என்ற அவள், ஆணியில் தொங்கிய பையை எடுத்து நீட்டினாள். "கிளம்புங்கோ ரெண்டு பேரும். அப்பா தலையைப் பிடிச்சுக்கட்டும்; வால் உனக்குத்தான், சிவா."