கடைசி பெஞ்சில் கணக்கு சார்

ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே பாடத்தைக் கத்திக் கத்திக் கணக்கு சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடத்தை வீடியோ எடுத்தார். வகுப்புக்கு வகுப்பு அதைத் திரையில் ஓடவிட்டுக் கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்தார்.

இன்று ஒரு மாணவி, "சார், ரெண்டாவது வரி புரியல," என்றாள்.

சார் எழுவதற்குள், திரையில் இருந்த சார் அந்த வரியை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி விளக்கினார்.

"அவருக்கு நேத்துலேர்ந்தே காது கேக்குது சார். நீங்க தூங்குங்க," என்றாள் மாணவி.

திரையில் இருந்தவர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "நின்னு நின்னு எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு சார். கொஞ்ச நேரம் மாத்திக்கலாமா?"

தூக்கக் கலக்கத்தில் சார் தலையாட்டினார்.

அடுத்த நொடி அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. எதிரே வகுப்பு முழுக்கத் தெரிந்தது. கடைசி பெஞ்சில் அவருடைய சட்டையோடு ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. மாணவி ரிமோட்டோடு கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆஃப் பண்ணிரட்டுமா சார்?"

"பண்ணிரும்மா."