வாயில் வைத்த விரல்

“ஷ்ஷ்!”

வனஜா “மேடம்” என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், வாசிப்பு மேஜையில் இருந்த மீசைக்காரர் உதட்டில் விரலை வைத்து அவளை முறைத்தார். அதே விரலால் சுவரில் மாட்டியிருந்த ‘சைலன்ஸ்’ போர்டைக் காட்டினார்.

அவர் சட்டைப் பையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ரிப்பன் குத்தியிருந்தது. கன்னடக் கொடியின் நிறம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தெருவில் கல்லும் கையுமாக ஓடியவர்களும் இதே ரிப்பனைத்தான் குத்தியிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூர் கொதித்துக்கொண்டிருந்தது. தமிழ் பேசி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

வனஜா கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. விலை கேட்கிற ‘எஷ்டு’வைத் தாண்டி அவளுக்குக் கன்னடம் தெரியாது. “வெளிய போனா வாயத் தொறக்காத. முடிஞ்சா வெளியவே போகாத” என்று கணவன் சீனு தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். கேட்டால்தானே? வீட்டில் ஒரு தக்காளிகூட இல்லை என்று மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

திரும்பும்போது ஜீவனஹள்ளி பஸ்ஸை நடுவழியில் மறித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். எங்கேயோ கண்ணாடி உடைந்தது. கூட்டம் சிதறி ஓடியதில், கண்ணில் பட்ட முதல் திறந்த கதவுக்குள் இவளும் நுழைந்தாள். அது நூலகம்.

ஒரு விதத்தில் நல்ல இடம்தான். உலகத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை கிடைக்கிற ஒரே இடம்.

கவுண்டரில் இருந்த லைப்ரேரியன் சந்திரம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. காய்கறிப் பையை வாசல் ரேக்கில் வைக்கும்படி கை காட்டியதோடு சரி. வனஜா பையை வைத்தாள். பேப்பர் ஸ்டாண்டிலிருந்து ஒரு கன்னட நாளிதழை உருவிக்கொண்டு, ஸ்டாண்டை ஒட்டியிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். நேர் எதிரில் மீசைக்காரர்.

ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஆனாலும் வரி வரியாக விரலை ஓட்டினாள். நடுநடுவே, செய்தி மனசுக்குப் பிடித்த மாதிரி தலையையும் ஆட்டி வைத்தாள். பயம் வந்தால் மனுஷனுக்கு எந்த பாஷையும் படிக்க வந்துவிடும் போலிருக்கிறது.

மீசைக்காரர் கண்ணை எடுக்கவில்லை. அவர் கையிலும் கன்னடப் பேப்பர்தான். இவள் வந்ததிலிருந்து அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. பேப்பருக்கு மேலே அந்த இரண்டு கண்கள் மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

‘கண்டுபிடிச்சிட்டான். ஆளுங்க வரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருக்கான்.’ வனஜா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

அவள் நினைத்தபடியே ஆட்கள் வந்தார்கள். நாலைந்து பேர், செருப்புச் சத்தத்தோடு. முன்னால் நின்றவன் கையில் கட்டை இருந்தது.

“இல்லி யாராதரூ தமிளரு இதாரா?”

உள்ளே தமிழர் யாராவது உண்டா என்று கேட்கிறான். இது புரிய வனஜாவுக்குக் கன்னடம் தேவைப்படவில்லை. கட்டைக்காரன் சுற்றிப் பார்த்தான். ரிப்பனைக் கண்டதும் மீசைக்காரரிடம் போய்க் குனிந்து, “நீவு ஹேளி சார்” என்றான், நீங்களே சொல்லுங்கள் என்கிற மாதிரி.

மீசைக்காரர் வனஜாவை ஒரு பார்வை பார்த்தார். சரி, கதை முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஷ்ஷ்!”

கண்ணைத் திறந்தால், அவர் உதட்டில் விரல். முகமெல்லாம் சிவந்திருந்தது. கட்டைக்காரனிடமும் அதே போர்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். அவன் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு வனஜாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நிம்ம ஹெசரேனு?”

பேரைக் கேட்கிறானா, ஊரைக் கேட்கிறானா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அவள் விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. பிறகு போர்டுக்குப் போயிற்று. முறைப்பையும் மீசைக்காரரிடமிருந்தே கடன் வாங்கிக்கொண்டாள்.

அதே சமயம் கவுண்டரில் ஸ்கேல் படாரென்று அடித்தது. சந்திரம்மா எழுந்து நின்றிருந்தாள். “இது லைப்ரரி! மாதாடபேடி! ஹொரகே ஹோகி!” பேசக் கூடாது, வெளியே போங்கள் என்று வாசலைக் காட்டினாள்.

வெளியே எதற்கும் அஞ்சாமல் திரிந்தவர்கள், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள்.

சந்திரம்மா ஷட்டரைப் பாதி இறக்கினாள். பேப்பர் ஸ்டாண்டைக் காட்டிக் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தப் பின்னறைக்குப் போய்விட்டாள். ஹாலில் இருவர் மட்டும்.

மீசைக்காரர் எழுந்தார். பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வனஜாவை நோக்கி வந்தார். அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து கையை ஓங்கியதுதான், அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“அண்ணா! ஒண்ணும் பண்ணிடாதீங்கண்ணா! நான் தமிழுதான், ஊருக்குப் புதுசு. எங்க வீட்டுக்காரரு காத்துக்கிட்டு இருப்பாரு, என்ன விட்டுடுங்கண்ணா!”

ஓங்கிய கை, அவள் தலைக்கு மேலே இருந்த ஸ்டாண்டின் தட்டைத் தொட்டபடி அப்படியே நின்றது. பேப்பர் நழுவித் தரையில் விழுந்தது.

மீசைக்காரர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த ரிப்பனைக் கழற்றிக் கைக்குள் கசக்கினார்.

“அட ஆண்டவா, உனக்குப் பயந்துதாம்மா நான் இத்தன நேரம் வாயே தொறக்கல!”