கண்டிக்கும் காலிக்கும் ஓர் அனுமதி

“கண்டிக்கும் காலிக்கும் ஆர் ஆர் போறியள்?”

கிராம அலுவலர் தர்ஷிகா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டாள். எதிரே மரியதாசன் கதிரையின் நுனியில் இருந்தார். பக்கத்தில் மனைவி கத்தரின், சேலைத் தலைப்பைத் திருகியபடி.

“நானும் மனிசியும்தான் மிஸ். நாலே நாள். சொன்ன மாதிரித் திரும்பி வந்திடுவம்.”

“என்ன அலுவலாப் போறியள்?”

“சும்மா... பாக்கத்தான்.” அவருக்கு வேர்த்தது. “கலியாணம் கட்டி இருபது வருசத்துக்கு மேலை மிஸ். ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகேல்லை.”

அது பொய்யில்லை. சண்டைக்குப் பயந்து வள்ளமேறிப் போனவர்கள். தமிழ்நாட்டு முகாமில் கலியாணம் கட்டி, மகளைப் பெற்று, அவளையும் கட்டிக் கொடுத்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகுதான் மன்னாரில் சொந்த ஊரான தோட்டவெளிக்குத் திரும்பினார்கள். முகாமை விட்டு வெளியே போவதென்றால் அதிகாரியிடம் கேட்க வேண்டும். ஒருமுறை மரியதாசன் பெரியம்மாவின் செத்த வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிப்போனார். அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுக்க வந்தவர்கள் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். திரும்பச் சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்படி நாடுமா? அன்றையிலிருந்து, அனுமதி இல்லாமல் தூர ஊர் எதற்கும் போக மாட்டேன் என்பதில் மனுசன் ஒரே பிடி.

கத்தரினுக்கோ ஆசை விட்டபாடில்லை. தலைமன்னார் இறங்குதுறையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரச் சோடியொன்று முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு சிரித்துச் சிரித்து நடந்ததைக் கண்ட நாளிலிருந்து, நித்திரையிலும் அவளுக்குக் கண்டியும் காலியும்தான். ஒன்று பெரஹரா ஊர்வலம் போகிற மலை ஊர், மற்றது ஒல்லாந்தர் கோட்டை கட்டிய கடல் ஊர். இரண்டும் எத்தனை வித்தியாசம்! மகள் அன்ரோனெற் விட்டுப்போன பள்ளிக்கூடப் பைகள் இரண்டையும் தோய்த்துக் காயவைத்து மாதக்கணக்காகிறது. எதிரே இருக்கிற இந்த அலுவலர்ப் பெட்டை மட்டும் ஏதும் பிசகிச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. மாதாவே, காரியத்தைக் கெடுத்துப்போடாதே என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள்.

“சிங்களம் தெரியுமோ?”

“ஆமிக்காரருக்கு மீன் வித்துப் பழக்கம் மிஸ். ‘கீயத’ எண்டால் என்ன விலை.”

“வேறை?”

“அவ்வளவுதான்.”

தர்ஷிகா வாயைப் பொத்தி இருமினாள். “எங்கை தங்குவியள்?”

“கண்டியிலை தங்க பங்குச் சுவாமி ஒழுங்கு செய்து தாறன் எண்டவர். காலிக் கோட்டைக்குள்ளை, என்னோடை மீன் விக்கிற தாராபுரத்து இன்சாப்பின்ர சொந்தக்காரர் வீடு இருக்கு.”

“சரி. ஆனா நாங்கள் கொஞ்சம் இறுக்கமான ஆக்கள். நிபந்தனையோடைதான் அனுமதி.”

“சொல்லுங்கோ மிஸ்.” மரியதாசன் நிமிர்ந்து இருந்தார்.

“கண்டியிலை இருந்து காலிக்கு ரயில்லைதான் போகவேணும். யன்னல் பக்கம் மனிசிக்கு.”

“அதுக்கும் சட்டமிருக்கோ மிஸ்?”

“குறுக்கை கதைக்காதேங்கோ. கண்டி வாவியைச் சுத்தி ரெண்டு பேரும் நடக்கவேணும். நீங்கள் முன்னாலை ஓட, மனிசி பின்னாலை இழுபட்டு வாற கதை வேண்டாம். பக்கத்திலை பக்கத்திலை.”

மரியதாசன் மனப்பாடம் பண்ணுகிறவர் போல உதட்டை அசைத்தார்.

“காலிக் கோட்டைச் சுவரிலை இருந்து பொழுது படுறதைப் பாக்கவேணும். மீன் சந்தைப் பக்கம் தலை வைச்சும் படுக்கக் கூடாது.”

“ஐயோ, மீன் சந்தைக்கு ஏன் மிஸ் தடை?” பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே அறுக்குளா மீன் என்ன விலை போகிறதென்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“மேலிடத்து உத்தரவு. நான் மாத்தேலாது.”

கத்தரின் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி நிபந்தனை. நாலு நாள் காணாது. ஒரு கிழமை, ஏழு நாளும் நிண்டுதான் வரவேணும். முந்தி வந்தால் அடுத்த முறை அனுமதி இல்லை.”

“அடுத்த முறையும் இருக்கோ மிஸ்?” மரியதாசன் எழும்பியே விட்டார். வாழ்நாளில் எந்த அதிகாரியும் அவரைக் கூடுதலாக ஒரு நாள் நின்று வரச் சொன்னதில்லை. “பேரை வெட்ட மாட்டியளே?”

“பேரும் இருக்கும், வீடும் இருக்கும் அங்கிள். சந்தோசமாப் போட்டு வாங்கோ.”

“கத்தரின், கேட்டனியே? ஒரு கிழமையாம்! வா, போய்ப் பையைக் கட்டுவம்!” என்று கூவிக்கொண்டு, கலியாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை போல அவர் மோட்டார்சைக்கிளை எடுக்க ஓடினார்.

வாசல்வரை போன கத்தரின் திரும்பி வந்து தர்ஷிகாவின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். “நீ நல்லா இருப்பாய் பிள்ளை.”

“சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் அன்ரி! கண்டிக்குப் போக இந்த நாட்டிலை ஆரும் ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை எண்டு எத்தினை தரம் சொன்னாலும் அந்த மனிசன் நம்பாதெண்டு நேற்று வந்து அழுதியளே, அது உண்மைதான்” என்ற தர்ஷிகா, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “நீங்கள் சொல்லித் தந்த நிபந்தனையளிலை ஒண்டும் விடுபடேல்லையே?”