குபுலாமி

ஒரு பாட்டுக்கூடத்தில் ஆர்மோனியமும் பேனாவும் சேர்ந்து வேலை பார்த்துவந்தன. ஆர்மோனியம் மெட்டுப் போடும். பேனா அதில் வார்த்தைகளை உட்காரவைக்கும்.

ஒருநாள் ஆர்மோனியம் புது மெட்டு ஒன்றை வாசித்தது. பல்லவி முடிகிற இடத்தில் வாய்க்கு வந்தபடி "குபுலாமி" என்று பாடியது.

"இது சும்மா இடம் பிடிக்கத்தான். நாளைக்கு ஒலிப்பதிவு. அதற்குள் நல்ல வார்த்தையாகப் பார்த்துப் போட்டுவிடப்பா" என்றது.

பேனா நாற்பது வார்த்தைகளை எழுதி எழுதி அடித்தது. நிலவு நொண்டியது, கனவு இடித்தது. மறுநாள் மைக் வந்து நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் குபுலாமியே பதிவானது. தன் பெயர் கெட்டது என்று பேனா மூடிக்குள் போய் முடங்கியது.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் மைக் கேட்டது:

"ஐயா, குபுலாமி என்றால் என்னங்க?"

பேனா நிமிர்ந்து நின்றது.

"மலை உச்சியில் பூக்கிற ஒரு பூ. ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

திரும்பும் வழியில் பேனா ஆர்மோனியத்தை விட்டுத் தள்ளியே நடந்தது. உண்மை தெரிந்தது ஆர்மோனியம் ஒன்றுக்குத்தான்.

கடைசியில் ஆர்மோனியம் மெல்லக் கேட்டது: "ஏம்ப்பா, அந்தப் பூ என்ன நிறம்?"

"ஊதா" என்றது பேனா.

"ஊதாவேதான். அதை மனதில் வைத்துத்தான் நான் மெட்டே போட்டேன்" என்றது ஆர்மோனியம்.